ராசி பாட்டில்

ஈஸ்ட்டுக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது, அதனால் எவ்வளவு புரோட்டீன் உண்டாகிறது என்று அளந்து சொல்வது என் தொழில். சுருக்கமாகச் சொன்னால், சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுவது.

மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குப் போய் வருகிறேன். ரிடையர் ஆனவனைக் கான்ட்ராக்டில் பிடித்து வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அது ஒரு பயம். மற்ற பயங்கள் கீழே. நீங்களும் ஏதாவது ஒரு லேபில் பைப்பெட்டை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வீங்கியவராக இருந்தால் விளக்கம் தேவையில்லை. இல்லாதவர்கள் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஜீன் என்பது முதலாளி. அவர் ஆர்டர் சீட்டு எழுதிக் கீழே அனுப்புகிறார். அந்தச் சீட்டுக்குப் பெயர் ஆர்.என்.ஏ. சீட்டைப் பார்த்துப் பட்டறையில் செய்கிற சரக்கு புரோட்டீன். நாங்கள் சீட்டையும் எண்ணுகிறோம், சரக்கையும் எண்ணுகிறோம். போதும். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

தோல்

ஆர்.என்.ஏ.வைத் தின்று தீர்க்கிற ஒரு வஸ்து நம் தோலிலேயே இருக்கிறது. வியர்வையில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் சீட்டு பொடிப்பொடி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் மெஷினில் வைத்துப் பார்த்தால்தான் ஒன்றுமில்லை என்று தெரியும். மே மாசத்துச் செம்பூரில், ஏ.சி. பாதி வேலை செய்கிற அறையில், வியர்க்காமல் வேலை பார்க்க வேண்டும் என்றால் எப்படி?

ஜன்னத் சேர்ந்த புதிது. பி.எச்டி. பண்ண வந்த பெண். தாராவி. வாப்பாவுக்கு அங்கே தோல் பை தைக்கிற பட்டறை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கிளவுஸ் போட்ட கையால் நெற்றியில் சரிந்த துப்பட்டாவைத் தள்ளிவிட்டு, அதே கையால் ட்யூபை எடுக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து லேபிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. போலீஸ் ரெய்டு வந்தது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். நெற்றி, காது, கதவுக் கைப்பிடி, போன், பேனா என்று தொடக்கூடாதவற்றையெல்லாம் சொல்லி முடித்தேன். கையை இறக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"மூச்சு விடலாமா அங்கிள், இல்ல அதுக்கும் வெளிய போவணுமா?"

வெளிச்சம்

சரக்கை எண்ண ஒரு குறுக்கு வழி உண்டு. எந்தப் புரோட்டீனை எண்ண வேண்டுமோ அதன் வாலில், பச்சையாக ஒளிர்கிற இன்னொரு புரோட்டீனைக் கட்டிவிடுவது. சரக்கு கூடினால் வெளிச்சம் கூடும். மெஷின் வெளிச்சத்தை அளந்து எண்ணாகத் தரும். ஜன்னத் ஈஸ்ட்டை இரண்டு விதமாக வளர்த்தாள். சாதா மீடியத்தில் ஒன்று, உப்பு கலந்த மீடியத்தில் ஒன்று. மீடியம் என்றால் ஈஸ்ட் குடித்து வளர்கிற கஞ்சி. உப்பில் கஷ்டப்படுகிற ஈஸ்ட் அந்தப் புரோட்டீனைக் கூடுதலாகச் செய்கிறதா என்பதுதான் கேள்வி.

சீட்டை எண்ணினாள். உப்பிலும் சாதாவிலும் ஒரே அளவு. வெளிச்சத்தை அளந்தாள். உப்பில் இரண்டு மடங்குக்கு மேல். ஆர்டர் கூடவில்லை, சரக்கு மட்டும் கூடுகிறது! அப்படியானால் ஈஸ்ட்டுக்குள் யாருக்கும் தெரியாத ஏதோ வழி இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி செய்தாள். மறுபடி அதே. அவள் சிரிக்கவில்லை. லோக்கல் ட்ரெயினில் ஆளில்லாத பையைப் பார்த்தவள் மாதிரி கிராஃபைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடத்தைக் கூப்பிட்டோம். லேபுக்குத் தலைவர், மராட்டிக்காரர். எங்களோடு இந்தியில் பேசுவார், நான் தமிழில் தருகிறேன். கிராஃபைப் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று ஜன்னத் காத்திருந்தாள்.

"யாரிடமும் மூச்சு விடாதே, வேறு லேப் முந்திக்கொள்ளும். கேன்டீனில் வாயைத் திறக்காதே. மாஹிமில் உன் மாமி வீடு இருக்கிறதல்லவா, அங்கேயும்."

பச்சை டேப்

லேபில் சாமி கும்பிடாதவர்கள் உண்டு. ராசி பார்க்காதவர்கள் கிடையாது. ஒருத்தன் பி.சி.ஆர். மெஷினில் இடது மூலைக் குழிகளைத் தொடமாட்டான். இன்னொருத்தி முக்கியமான வேலை இருக்கிற அன்றைக்கு லிஃப்டில் ஏறமாட்டாள். தசராவுக்கு மெஷின்களுக்கெல்லாம் சாமந்தி மாலை போடுவது மேடம்தான். இதழ் உள்ளே விழுந்துவிடுமோ என்று உடனே கழற்றுவதும் அவர்தான்.

ஜன்னத்துக்கு உப்பு மீடியம். அந்த நல்ல ரிசல்ட் வந்த மீடியம் ஒரே நாளில் மொத்தமாகக் கலந்து பல பாட்டில்களில் அடைத்தது. கலந்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஜன்னத் அத்தனை பாட்டிலிலும் பச்சை டேப் ஒட்டினாள். புதிதாகக் கலந்து, ரிசல்ட் வராமல் போய்விட்டால்? அதனால் அதிலேயே செய்தாள். சிக்கனமாகவும் செய்தாள். கன்ட்ரோல் என்று ஒன்று உண்டு; வாலில் ஒளி கட்டாத ஈஸ்ட். அது இருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டுதான் மெஷினுக்குப் பூஜ்யம். இருட்டாக இருக்கப் போகிறதற்கு எதற்கு ராசி பாட்டிலை வீணாக்குவது? அதைச் சாதா மீடியத்தில் வளர்த்தாள். அது இருட்டாகவே இருந்தது. எல்லாருக்கும் திருப்தி.

ஒரு நாள் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்த ட்யூபின் அடியில் உப்பு ஈஸ்ட் படிந்திருந்தது. ஈஸ்ட் என்றால் கெட்டித் தயிர் நிறத்தில் இருக்க வேண்டும். இது லேசாக ரோஸ் அடித்தது. ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். உடனே ட்யூபை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உப்புல கெடந்தா அப்படித்தான் இருக்கும்போல அங்கிள். நீங்க ரொம்பப் பாக்காதீங்க."

மைனஸ் எண்பது

மழைக்காலத்தில் லேப்காரனுக்கு ஒரே பயம், ஃப்ரீஸர். மைனஸ் எண்பதில் இருக்கிற பெட்டி. லேபில் இத்தனை பேர் இத்தனை காலம் செய்த ஈஸ்ட்டும் ஆர்.என்.ஏ.வும் அதற்குள் இருக்கிறது. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியிருந்த ஒரு காலையில் நான் பஸ், நடை, மறுபடி பஸ் என்று போய்ச் சேர்ந்தபோது அலாரம் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னத் தாராவியிலிருந்து முட்டளவுத் தண்ணீரில் எனக்கு முன்னாலேயே வந்து, பெட்டியின் மேல் போர்வையைப் போர்த்தி, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் வந்த குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்கிற மாதிரி. மைனஸ் எழுபது. மைனஸ் அறுபத்தாறு. எண்ணைப் பார்க்காதே என்றேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மெக்கானிக் உல்லாஸ்நகரிலிருந்து வர வேண்டும். எப்படியோ வந்து சேர்ந்தான். சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினான். பின்பக்கத் தகட்டைத் திறந்து ஏதோ ஒன்றை மாற்றினான். கம்ப்ரெஸர் முனகி, நின்று, மறுபடி முனகி ஓட ஆரம்பித்தது. ஜன்னத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மீன் கம்பெனிகளின் பெட்டிகளைச் சரிபார்த்துப் பழகிய அவன் திகைத்துப்போய் என்னை இந்தியில் கேட்டான்:

"அங்கிள்ஜி, உள்ளே இருப்பது மீனா?"

கறுப்புக் கோடு

மேடம் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பினார். அங்கே யாரோ முகம் தெரியாத இருவர் படித்துப் பார்த்துக் கேள்வி எழுப்புவார்கள். ஒருவர் பாராட்டியிருந்தார். மற்றவர் ஒரே வரி எழுதியிருந்தார்: வெளிச்சத்தை நம்ப முடியாது, பிளாட் செய்து காட்டவும்.

பிளாட் பழைய முறை. ஈஸ்ட்டை நசுக்கி, அதிலுள்ள புரோட்டீன்களைப் பருமன் வாரியாகப் பிரித்து, ஒரு தாளில் ஒட்டவைத்து, நமக்கு வேண்டிய புரோட்டீனை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு தடித்தால் சரக்கு அதிகம். ஈஸ்ட் ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் இதற்குக் கவலையில்லை. கஷ்டம் என்னவென்றால் கோடு வராது. முதல் தடவை தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. இரண்டாம் தடவை அடுப்பில் வைத்தது போல மொத்தமும் கறுப்பு. அதற்கடுத்தது நடுவில் கிழிந்தது. பிளாட் செய்த கண்ணீர் உங்களுக்கும் உண்டென்றால் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னத்துக்கு மாசாமாசம் வருகிற ஃபெல்லோஷிப் பணம் அந்த டிசம்பரோடு முடிகிறது. கட்டுரை வந்தால் தீசிஸ் கொடுக்கலாம். வராவிட்டால் கையில் ஒன்றுமில்லை, பட்டறைக்கு மேலே இருக்கிற அந்த ஒரே அறைக்குத் திரும்பி உட்கார வேண்டியதுதான். வாப்பா வேறு மகள் ஏதோ கண்டுபிடித்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாப்பா தெனமும் கேக்காவ அங்கிள், கறுப்புக் கோடு வந்துச்சாம்மான்னு. அடுத்த வீட்டுக்காரவளும் சேந்து கேக்காவ. மழை வந்துச்சான்னு கேக்குத மாதிரி."

ஒரே மாதிரி

கோடு வந்தது.

படம் எடுக்கிற மெஷினின் திரையில் அது மெதுவாகத்தான் எழும்பும். முதலில் சாம்பல், பிறகு நிழல், பிறகு கோடு. ஜன்னத் கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சாதா மீடியம், ஒரு கோடு. உப்பு மீடியம், ஒரு கோடு. எழும்பட்டும் என்று காத்திருந்தோம். இரண்டும் சேர்ந்தே கறுத்தன. இரண்டும் ஒரே தடிமன். உப்புப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறதோ என்று நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இல்லை. "திருப்பிப் பண்ணு" என்றேன். பண்ணினாள். அச்சு வார்த்த மாதிரி அதே.

சீட்டு கூடவில்லை. சரக்கும் கூடவில்லை. சாயங்காலம் பால்கனியில் நின்று வாப்பாவுக்குப் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் திக்கித் திணறிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மனுஷர் சந்தோஷமாகச் சொன்னார்:

"ஆர்டரும் சரக்கும் ஒண்ணுபோல இருக்குன்னா நல்ல விஷயம்தானளா? அதுக்கு எதுக்கு அழுத?"

இருட்டாக இருக்க வேண்டியது

கோடு சொல்வது சரியென்றால் அந்த வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஜன்னத் இரண்டு நாள் பழைய நோட்டுகளைப் புரட்டினாள். மூன்றாம் நாள், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். வாலில் ஒளி கட்டாத கன்ட்ரோல் ஈஸ்ட்டை எடுத்தாள். பச்சை டேப் பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி அதில் வளர்த்தாள். மெஷினில் வைத்தாள். இருட்டாக இருக்க வேண்டியது ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஈஸ்ட்டுக்கு அடினின் என்று ஒரு சத்து தேவை. தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. மீடியத்தில் நாம் போட வேண்டும். குறைந்தால் மெதுவாக வளரும், உள்ளே ஒரு ரோஸ் சாயம் சேரும். அந்தச் சாயம் தானே ஒளிரும். ராசி பாட்டிலைக் கலந்த புண்ணியவான் அடினினைக் குறைத்துப் போட்டுவிட்டார். மெதுவாக வளர்ந்ததா, உப்பினால் என்று நினைத்தோம். ரோஸ் அடித்ததா, அதுவும் உப்பினால். ஒளி கட்டிய ஈஸ்ட்டைப் புதிதாகக் கலந்த உப்பு மீடியத்தில் வளர்த்துப் பார்த்தாள். வெளிச்சம் சாதா அளவில் நின்றது. அவளுடைய கண்டுபிடிப்பு ஈஸ்ட்டில் இல்லை, பாட்டிலில் இருந்தது.

கட்டுரை போனால் லேபை ஓட்டுகிற மேடத்தின் கிராண்ட் பணம் போகும். கிராண்ட் போனால் முதலில் போவது கான்ட்ராக்ட் கிழவன். கதவைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னேன்: "பாட்டிலைக் கழுவி வெச்சுடு. கேட்டா தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. பிளாட் சரியா வரலைன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போறது?" அவள் பாட்டிலை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தாள்.

"தீந்துபோச்சுன்னா மேடம் நம்பிருவாங்க அங்கிள். எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா நானும் நம்பணும்லா?"

மேடத்தின் அறை

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் வெளியே ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தல் கேட்டால் ஒரு நிம்மதி. ஒன்றும் கேட்கவில்லை. துடைத்த மேஜையை மறுபடி துடைத்தேன். கதவு திறந்தது. ஜன்னத் வந்தாள். பின்னால் மேடம். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்:

"எல்லாரையும் கூப்பிடுங்கள். கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்."

கை தூக்கியவர்கள்

மீட்டிங் ரூமில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேடம் பச்சை டேப் பாட்டிலை மேஜை நடுவில் வைத்தார். அடியில் ஒரு வாய் மீடியம் இருந்தது. விஷயத்தைச் சொல்ல அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. பிறகு கேட்டார்: "ஜன்னத்தைத் தவிர இதிலிருந்து யாராவது எடுத்தீர்களா?" எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருத்திக்கு ரிசல்ட் கொட்டுகிற பாட்டிலை மற்றவர்கள் சும்மா விட்டிருப்பார்களா?

இடது மூலைக் குழியைத் தொடாத பையன் முதலில் கை தூக்கினான். பிறகு லிஃப்டில் ஏறாதவள். பிறகு போன மாசம்தான் தீசிஸ் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வெளிநாடு போக டிக்கெட் எடுத்திருந்தவன். அவன் கை தோள் வரைக்கும்தான் வந்தது. நெருளிலிருந்து வருகிற பெண் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அரையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு ஒரு மூடி, இரண்டு மூடி. ஜன்னத் இல்லாத சமயம் பார்த்து எடுத்தது. யாருடைய எந்த வெளிச்சம் நிஜம், எது சாயம்? அந்த அறையில் யாருக்கும் தெரியாது. போன் அடித்தது, எடுக்க ஆளில்லை.

ஜன்னத் கைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். யார் யாருடைய வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அவள்தான் குறிக்க வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. மேஜையைச் சுற்றி வந்து மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மேடம் யாரையும் பார்க்கவில்லை. போன வருஷம் கிராண்டுக்கு அனுப்பிய படத்துக்காக அவரே ஒரு நாள், ஆசைக்கு, ஈஸ்ட் வளர்த்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மேடத்தின் வலது கை மெதுவாக மேலே போனது.

"என்ன பார்க்கிறாய்? இதையும் சேர்த்து எண்ணு."

ஜர்னலிலிருந்து கட்டுரையை மேடமே திரும்பப் பெற்றுக்கொண்டார். கிராண்ட்காரர்களுக்கும் எழுதிவிட்டார். ஜன்னத்துக்கு ஃபெல்லோஷிப்பை நீட்டிக்கக் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. அவள் வேறொரு ஜீனை எடுத்துக்கொண்டு, கன்ட்ரோலை எல்லா மீடியத்திலும் வளர்த்துக்கொண்டிருக்கிறாள். என் கான்ட்ராக்ட் கையெழுத்தாகாமல் கிடக்கிறது. மற்றவர்கள் தினமும் காலையில் வந்து, பழைய ட்யூப்களை ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ரோஸ் அடிக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

நாளைக்கே பயத்தை அளக்கிற மெஷின் ஒன்று வந்து இறங்கினாலும் எங்கள் லேபில் அதை ஓட்ட வழியில்லை. கன்ட்ரோலுக்கு நிறுத்த, பயமில்லாத ஆள் ஒருவராவது வேண்டுமே.